கராஜ் சேலும் கொஞ்சம் கொசுறும்

இந்த வீட்டுக்கு வந்து 16 வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் எங்கள் கார் வெளியில்தான் நின்றது. அமெரிக்காவின் டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கும் ஊர். வசந்த காலம் வந்தால் ஆலங்கட்டி மழைக்குப் பயந்தே இருக்க வேண்டும். ஒரு வருடம் எலுமிச்சம்பழ அளவில் கல் விழுந்து காரின் கூரை முழுக்கக் குழி குழியாகிவிட்டது. இரண்டு கார் நிற்கும் அளவுக்குப் பெரிய கராஜ் இருந்தும், ஒரு காரைக்கூட உள்ளே விட இடமில்லை. மகனுடைய தொட்டில், வளர வளர வாங்கிய மூன்று சைக்கிள்கள், எப்போதோ உடைந்த மேசையின் உடையாத கால்கள், விருந்துக்கு வாங்கிய பெரிய பாத்திரங்கள், இரண்டு லிட்டர் கிரைண்டர், பிரிக்காத அட்டைப் பெட்டிகள் ஏழு. ஏழிலும் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். மகளும் சீக்கிரம் கிளம்பிவிடுவாள். அதனால் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பார்த்து, வேண்டாத சாமானை வீட்டு வாசலில் பரப்பி விற்கும் கராஜ் சேல் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். அப்போது பொள்ளாச்சியிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஏங்கண்ணு, புழங்குன சாமானத்தப் போயி வாசல்ல வெச்சு விக்கறதா? வேணுங்கறவங்களுக்குச் சும்மா குடுத்துட்டா ஆவாதா?"

"குடுக்கலாம் அத்தை. ஆனா யாருக்கு எது வேணும்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அந்த நேரத்துக்கு வாயில் வந்த பதில்தான் அது. ஆனால் விற்பனை முடிந்தபோது அதுதான் உண்மை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஊரில் என்றால் பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருப்பது தெரியும், தொட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிடலாம். இங்கே நான்கு வீடு தள்ளி யார் இருக்கிறார்கள் என்பதே தெரிவதில்லை. ஒரு பொருளைத் தேடி நடந்து வந்து, கையில் எடுத்துப் பார்த்து, ஒரு டாலர் கொடுத்து வாங்குகிறவருக்கு அது உண்மையிலேயே வேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை ஏற்பாடும். பணத்துக்காக என்று இறங்கினால் நாள் முடியும்போது மனம் கசந்துதான் போகும்.

கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்பே தொடங்கினோம். முதல் வேலை பிரிப்பது. இதில் ஒரு விதியை மட்டும் நான் கறாராக வைத்தேன்: யாருடைய பொருளோ அவரைக் கேட்காமல் எதையும் விற்கக் கூடாது. நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது, வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று என் பள்ளிக்கூட நோட்டுகளை மொத்தமாகப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவற்றின் கடைசிப் பக்கங்களில் நான் எழுதி வைத்த கவிதைகள் இருந்தன. இன்று நினைத்தாலும் தொண்டை அடைக்கும். அதனால் மகனை வீடியோவில் கூப்பிட்டு ஒவ்வொரு பொருளாகக் கேமராவில் காட்டினேன். வீடியோ கேம் கருவி, ரிமோட் கார், கிடார் எல்லாவற்றையும் யோசிக்காமல் விற்கச் சொன்னான். காற்றுப் போன ஒரு கூடைப்பந்தைக் காட்டியதும், "அதை மட்டும் வைங்கம்மா" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பந்து இப்போதும் அவன் அறை அலமாரியில் இருக்கிறது.

அடுத்து, விற்கவே கூடாத பொருள்கள். இதைப் பற்றி நம்மவர்கள் பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் தொட்டில் ஒரு பக்கக் கம்பித்தடுப்பை மேலும் கீழும் இறக்கி ஏற்றும் வகை. எங்கள் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் தூங்கினார்கள். பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது. 40 டாலருக்காவது போகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆனால் இந்த வகைத் தொட்டிலை 2011 ஜூன் 28 முதல் அமெரிக்காவில் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அந்தத் தடை கராஜ் சேலுக்கும் சேர்த்துத்தான். இறக்கும் தடுப்பின் கொக்கிகள் நாளடைவில் தேய்ந்து கழன்றுகொள்ளும். தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி விழும். அதில் குழந்தைகள் சிக்கி மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். சும்மா கொடுப்பதும் சரியல்ல. என் கணவர் அதைக் கழற்றி, யாரும் எடுத்து மறுபடி பூட்ட முடியாதபடி கட்டைகளை அறுத்துத்தான் குப்பைக்கு வைத்தார். அறுக்கும்போது நான் பக்கத்தில் நிற்கவில்லை.

தொட்டில் என்றில்லை. கோளாறு என்று நிறுவனம் திரும்பப் பெற்ற எந்தப் பொருளையும் விற்பது சட்டப்படி குற்றம். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் (CPSC) இணையதளத்தில் பொருளின் பெயரையும் மாடல் எண்ணையும் போட்டால் திரும்பப் பெறப்பட்டதா என்று தெரிந்துவிடும். குழந்தைச் சாமான், ஹீட்டர், மின்சாரப் பாத்திரம் இவை எல்லாவற்றையும் ஒரு மாலை உட்கார்ந்து சரிபார்த்தோம். காரில் வைக்கும் குழந்தை இருக்கைக்குக் காலாவதித் தேதி உண்டு. அடியில் பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்திருக்கும்; பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து 6 முதல் 10 வருடம். எங்களுடையது 2008 இல் செய்தது. அதை ஓரமாக எடுத்து வைத்தேன்.

அனுமதி, வரி இரண்டையும் நினைத்துப் பயப்பட வேண்டாம். பல ஊர்களில் நகராட்சியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வருடத்துக்கு இத்தனை முறைதான் என்ற கணக்கும் இருக்கும். குடியிருப்போர் சங்கம் உள்ள இடமென்றால் அவர்கள் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் நம் வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய சாமானை ஒரு வருடத்தில் 3,000 டாலர் வரை விற்றால் விற்பனை வரி வசூலிக்க வேண்டியதில்லை. வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்பதால் வருமான வரியும் கிடையாது.

பொருள்களைப் பரப்பும் விதத்தை நான் கேன்டன் என்ற ஊரில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். டாலஸிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணம். மாதாமாதம் முதல் திங்கட்கிழமைக்கு முந்தைய வியாழன் தொடங்கி ஞாயிறு வரை அங்கே பெரிய சந்தை கூடும். 1850களில் நீதிபதி மாதத்தின் முதல் திங்களன்று வழக்கு விசாரிக்க அந்த ஊருக்கு வருவாராம். வழக்குக்கு வந்த சனங்கள் அப்படியே குதிரையும் மற்ற சாமானும் மாற்றிக்கொள்ளத் தொடங்கி, அது சந்தையாகிவிட்டது. ஊர்ச் சந்தையில் வளர்ந்த எனக்கு அங்கே நடக்க நடக்கக் கால் வலிப்பதே தெரியாது. நல்ல வியாபாரிகள் எதையும் தரையில் வைப்பதில்லை. வாங்க வந்தவர் குனியக் கூடாது, கையை நீட்டினால் பொருள் கையில் வர வேண்டும். சுத்தியல், துளையிடும் கருவி, தோட்டச் சாமான் எல்லாம் சாலையை ஒட்டி முன்னால் இருக்கும், காரை மெதுவாக ஓட்டிக்கொண்டே பார்க்கிறவர் நிறுத்தி இறங்குவதற்காக. புத்தகங்கள் முதுகு மேலே தெரியும்படி பெட்டியில் நிற்கும். துணிகள் தொங்கும், குவித்து வைத்த துணியை யாரும் கிளறிப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் அப்படியே நாங்களும் செய்தோம். மேசை போதாததற்குக் கராஜில் கிடந்த பழைய கதவுப் பலகை ஒன்றை இரண்டு நாற்காலிமேல் போட்டு, மேலே ஒரு வேட்டியை விரித்துவிட்டோம்.

விலை வைப்பதுதான் கஷ்டமான வேலை. வாங்கிய விலை நம் தலையில் உட்கார்ந்துகொண்டு இறங்காது. 90 டாலர் கொடுத்து வாங்கிய விளக்குக்கு 10 என்று எழுதக் கை வரவில்லை. என் மகள்தான் வழி சொன்னாள். "அம்மா, இதை இன்னொரு வீட்டு வாசலில் பார்த்தா நீங்க எவ்வளவு குடுப்பீங்க?" எட்டு டாலர் என்று சட்டென்று வந்தது. அப்படியே ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு எழுதினோம். சட்டை 1 டாலர், ஜீன்ஸ் 3, குழந்தைப் புத்தகம் 25 சென்ட், கெட்டி அட்டைப் புத்தகம் 1. மரச்சாமானுக்கு வாங்கிய விலையில் கால் பங்கைத் தாண்டாமல் வைத்தோம். அதிக விலைக்குப் போகக்கூடிய இரண்டு பொருள்களை மட்டும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் முன்கூட்டியே போட்டுவிட்டோம், வாசலில் அந்த விலைக்கு யாரும் கேட்பதில்லை என்பதால். எல்லாவற்றுக்கும் விலை ஒட்டியிருக்க வேண்டும் என்பது முக்கியம். விலை கேட்கக் கூச்சப்பட்டே பாதிப்பேர் பொருளைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒட்டும் காகிதத்திலும் கவனம் வேண்டும். சாதாரண ஸ்டிக்கரை ஒரு தேக்கு முக்காலியில் ஒட்டிப் பார்த்தேன். மறுநாள் இடம் மாற்றி ஒட்டலாம் என்று உரித்தபோது, பட்டாணி அளவுக்கு வார்னிஷும் சேர்ந்து வந்துவிட்டது. பசை மட்டும் மரத்தில் பிசுபிசுவென்று நின்றது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன், பசை போனது. வெளுத்த வட்டம் போகவில்லை. சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர்கள் ஓரத்தில் ஒட்டும் நீல டேப்பைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் தடம் விடாமல் உரிந்து வரும், அதன்மேல் பேனாவும் நன்றாக எழுதும்.

முந்தின நாள் மாலை தெருமுனைகளில் பலகை நட்டோம். மின்கம்பத்தில் ஒட்டக் கூடாது என்பதால் மரக்குச்சியில் அடித்த பலகைகள். பெரிய எழுத்தில் இரண்டே சொல், தேதி, ஓர் அம்புக்குறி. காரில் போகிறவருக்கு அதற்கு மேல் படிக்க நேரமில்லை. இதில் நான் ஒரு தவறு செய்தேன். பலகையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வலப்பக்கம் காட்டும் அம்பை வரைந்துவிட்டேன். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் எங்கள் தெரு. மறுபக்கத்திலிருந்து வருகிறவரை அது நேர் எதிர்த்திசையில், பூங்காவுக்குள் அனுப்பியது. சனிக்கிழமை காலை ஒரு பெண்மணி வந்து, "இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் கண்டுபிடித்தேன்" என்று சொன்ன பிறகே தெரிந்தது. என் கணவர் ஓடிப்போய்த் திருத்திவிட்டு வந்தார். அதற்குள் எத்தனை பேர் பூங்காவைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்களோ என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

எட்டு மணிக்கு ஆரம்பம் என்று எழுதியிருந்தோம். 6:40க்கே ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. டார்ச் அடித்துக்கொண்டு ஒருவர் இறங்கினார். வெள்ளி இருக்கிறதா, பழைய நாணயம் இருக்கிறதா, வீடியோ கேம் இருக்கிறதா என்று கேட்டார். வாங்கி விற்கும் தொழில் செய்கிறவர்கள் இப்படி விடியற்காலையிலேயே வருவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனாலும் எட்டு மணிக்கு வரும் குடும்பங்களுக்கும் பொருள் மிச்சம் இருக்க வேண்டும் என்பதால், எட்டுக்குத்தான் என்று பணிவாகச் சொல்லி அனுப்பினேன். எட்டுக்குச் சரியாகத் திரும்பி வந்தார், மகனின் வீடியோ கேம் கருவியைச் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்.

சில்லறைக்காக 1 டாலர், 5 டாலர் தாள்களும் கால் டாலர் காசுகளுமாக 80 டாலர் மாற்றி வைத்திருந்தோம். பணம் முழுக்க என் இடுப்புப் பையில். பெட்டியில் போட்டு மேசைமேல் வைத்தால் ஒரு நொடி திரும்பும்போது போய்விடும். வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியையும் அதே பையில் போட்டுக்கொண்டேன்.

அத்தை ஒரு நாற்காலியைப் போட்டுத் துணிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு பெண் சிறு குழந்தைகளுக்கான உடுப்பில் எட்டை எடுத்துக்கொண்டு, ஆறு டாலருக்குத் தருகிறீர்களா என்று விரலைக் காட்டிக் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். நான் சரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள், பக்கத்துக் கூடையிலிருந்து மகளின் பழைய ரிப்பன் சுருள் ஒன்றையும் இரண்டு கிளிப்பையும் எடுத்து உடுப்புகளின்மேல் வைத்து, எட்டு விரலைக் காட்டினார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. எட்டு டாலரையும் கொடுத்துவிட்டு அத்தையின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

"பழைய துணிக்குப் பாத்திரம் போடறவ வருவாளே கண்ணு, அவ தூக்குப்போசி ஒண்ணக் காட்டுவா. நாம நாலு சேலை வெப்போம். பத்தாதுன்னு மொகத்தத் திருப்புவா. அப்புறம் நாம ஒரு சட்டை வெப்போம், அவ ஒரு கரண்டி வெப்பா. வெலையக் கொறைச்சா ரெண்டு பேருக்கும் மனசு கொறையும். மேல ஒண்ணு போட்டாத்தான் நெறைவு" என்றார்.

கறிவேப்பிலைக் கொசுறு வாங்கி வளர்ந்தவள்தான் நானும். ஆனாலும் இது எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு யார் விலை குறைக்கச் சொன்னாலும், சில்லறைச் சாமான் கூடையைக் காட்டி "இதிலிருந்து உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். சாவிக்கொத்து, டம்ளர், பென்சில் பெட்டி என்று ஒரு கூடை முழுக்கக் காலியானது, யாரும் முகம் சுளிக்காமல்.

கிரைண்டர் யாருக்கும் வேண்டியிருக்காது என்றுதான் நினைத்தேன். இரண்டு பேருக்குச் சின்னதே போதும் என்பதால் பெரியதை வைத்திருந்தேன். தமிழ்க் குடும்பம் யாராவது வந்தால் பார்க்கலாம் என்ற அளவில்தான் நம்பிக்கை. தெரியாத பொருளை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் ஓர் அட்டையில் எழுதி வைத்தேன்: கல் கிரைண்டர், அரிசியும் பருப்பும் மாவாக அரைக்க, 110 வோல்ட், நன்றாக ஓடுகிறது, 60 டாலர். நீட்டிப்பு ஒயர் இழுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு ஓடவும் விட்டேன். மின்சாரப் பொருள் எதுவானாலும் ஓட்டிக் காட்ட வசதி இருக்க வேண்டும்.

பத்து மணி வாக்கில் 25 வயது மதிக்கத்தக்க ஒரு பையன் அதன்முன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். கல் கிரானைட்டா என்று கேட்டான். ஆமாம் என்றேன். உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்துத் தடவிப் பார்த்தான். வீட்டிலேயே சாக்லேட் செய்து பழகுகிறானாம். வறுத்த கோகோ பருப்பைச் சர்க்கரையோடு கல்லில் ஒரு நாள் முழுக்க அரைத்தால்தான் நாக்கில் நறநறப்பு இல்லாமல் வருமாம். அமெரிக்காவில் சிறிய அளவில் சாக்லேட் செய்கிறவர்கள் பலர் நம் ஊர் கிரைண்டரில்தான் தொடங்கினார்கள் என்று அவனே சொன்னான். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் சாக்லேட் அரைப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தையிடம் சொன்னேன். எழுந்து வந்துவிட்டார்.

"உளுந்து வாசம் கல்லுல நிக்கும், மொதல்ல வெறும் சர்க்கரையப் போட்டு ஓட்டிக் கொட்டச் சொல்லு. குழவிக்கு அடியில தண்ணி நின்னா நாறிப்போகும், கழுவிக் கவுத்து வெக்கச் சொல்லு."

என் மகள் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள், அவன் போனில் எழுதிக்கொண்டான். மாவு அரைக்கச் செய்த மோட்டார் இது, தொடர்ந்து நாள் முழுக்க ஓட்டினால் சூடேறும், நடுவே ஓய்வு கொடுங்கள் என்று என் கணவர் சொன்னார். குறையை மறைக்காமல் சொல்லிவிடுவது அவர் வழக்கம். எங்கள் குக்கருக்குக் கேஸ்கட் இல்லை என்பதையும் விலைச் சீட்டிலேயே எழுதி வைத்திருந்தார். பையன் 60 டாலரையும் எண்ணிக் கொடுத்தான். அவன் கிரைண்டரைத் தூக்கியபோது, அத்தை உள்ளே போய்த் தேங்காய் துருவும் பாகத்தையும் கொண்டுவந்து அவன் வண்டியில் வைத்தார். அது கிரைண்டரோடு வந்ததுதான், நாங்கள் மறந்திருந்தோம்.

பதினொரு மணிக்கு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். கராஜின் மூலையில் துணி போட்டு மூடியிருந்த கார் இருக்கையைப் பார்த்துவிட்டார். எவ்வளவு என்று கேட்டார். விற்பதில்லை என்றேன். பணம் தரத் தயாராக இருக்கிறேன் என்றார். குரலிலேயே அவர் நிலைமை தெரிந்தது. இருக்கையைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த தேதியைக் காட்டினேன். பிளாஸ்டிக் பழசானால் விபத்தில் தாங்காது, உங்கள் குழந்தைக்கு இதைத் தர எனக்கு மனம் வரவில்லை என்றேன். டார்கெட் கடையில் வருடத்தில் சில நாள் பழைய இருக்கையை வாங்கிக்கொண்டு, புதியது வாங்கத் தள்ளுபடி தருவார்கள். காலாவதியான இருக்கையையும் எடுத்துக்கொள்வார்கள். அதைச் சொல்லி, தள்ளுபடிக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று அந்த இருக்கையைப் பணம் வாங்காமல் கொடுத்தேன். காரில் கட்டிவிடக் கூடாதே என்று வாரை வெட்டித்தான் கொடுத்தேன். சின்னக் குழந்தைக்கான போர்வைகளை மகள் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் யாரும் பேசவில்லை.

மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்தது. எல்லாம் பாதி விலை என்று எழுதச் சொன்னார் கணவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காலையில் முழு விலை கொடுத்தவர் திரும்பி வந்து பார்த்தால் ஏமாந்ததாக நினைப்பார். அதற்குப் பதில் மளிகைக் கடைக் காகிதப் பைகளை அடுக்கி, பை நிறைய எடுத்துக்கொண்டால் 3 டாலர் என்று வைத்தோம். துணியும் புத்தகமும் ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி போய்விட்டன.

இரண்டு மணிக்குக் கடையைக் கட்டினோம். சில்லறைக்குப் போட்ட 80ஐக் கழித்து 748 டாலர் இருந்தது. மிஞ்சியது நான்கு பெட்டி. திரும்பக் கராஜுக்குள் ஒரு பெட்டி போனாலும் அது அடுத்த 16 வருடம் அங்கேயே இருக்கும் என்பதால், அப்படியே வண்டியில் ஏற்றி, பழைய பொருள்களை நன்கொடையாக வாங்கிக்கொள்ளும் குட்வில்லுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மெத்தையை அங்கே வாங்க மாட்டார்கள். அதை நகராட்சியின் பெரிய குப்பை நாளுக்கு ஒதுக்கினோம்.

பலகைகளைப் பிடுங்க நான் போனேன். அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்பது விதி. கடைசிப் பலகையை ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய வண்டி மெதுவாக நின்றது. ஓட்டி வந்தவருக்கு 70 வயதுக்கு மேல் இருக்கும். முடிந்துவிட்டதா என்று கேட்டார். வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனேன். வண்டியில் ஏற்றாமல் விட்ட ஒரு டப்பா, ஆணியும் திருகாணியும் கலந்து கிடந்தது, அதை மட்டும் கிளறிப் பார்த்து 2 டாலர் கொடுத்தார். போகும்போது என் கையிலிருந்த பலகைக் குச்சிகளைப் பார்த்தார். இவை வேண்டுமா என்று கேட்டார். ஆறு குச்சி. தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க ஆகுமாம்.

பலகைகளைக் கழற்றிவிட்டு ஆறையும் கொடுத்தேன்.